தட்டில் வைத்த போனஸ்

ஓசூரில் எனக்கு வேலை கிடைத்தபோது கம்பெனிக்குச் சுற்றுச்சுவர்கூட முழுதாக எழும்பியிருக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கான எலெக்ட்ரானிக் கருவிகள் செய்கிற பெரிய கம்பெனி. பெயர் வேண்டாம். பர்சனல் டிபார்ட்மென்டில் நான் டைப்பிஸ்ட். கம்பைநல்லூர் பக்கத்தில் காடு உழுகிற எங்கள் குடும்பத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய முதல் ஆள் நான்தான். அம்மா அதைக் கோயிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருந்த பெருமையில் பாதிகூட எனக்கு இருந்ததில்லை.

என் வேலை கடிதம் அடிப்பது. பெரும்பாலும் ஒரே கடிதம்தான். தங்கள் ராஜினாமாவை நிர்வாகம் ஏற்றுக்கொள்கிறது, தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். மாதத்துக்கு இரண்டு மூன்று இன்ஜினியர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ் ஏறினால் பெங்களூர். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் மளிகைக் கடை மாதிரி தெருவுக்கு ஒன்றாகத் திறந்துகொண்டிருந்தன. இங்கே ஒருவர் புதன்கிழமை வயிற்றுவலி என்று லீவு சொன்னால், இஸ்திரி போட்ட சட்டையோடு பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்கிறார் என்பது வாட்ச்மேனுக்கும் தெரியும்.

எங்கள் மேனேஜர் மெட்ராஸ்காரர். கெட்டவர் இல்லை. முதலில் சம்பளத்தை ஏற்றிப் பார்த்தார். பெங்களூர்க்காரர்கள் அதற்கு மேலே ஏற்றினார்கள். அப்புறம் லாயல்டி போனஸ் என்று ஒன்று கொண்டுவந்தார். ஒவ்வொரு இன்ஜினியர் பெயரிலும் வருடா வருடம் ஒரு தொகை ஒதுக்கிவைப்பார்கள். மூன்று வருடம் இருந்தால் மொத்தமாகக் கையில் வரும். நடுவில் போனால் ஒன்றும் கிடையாது. இன்ஜினியர்கள் அதற்கு மூக்கணாங்கயிறு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேன்டீனில் ஒருவரை ஒருவர் பார்த்து, "கயிறு எத்தனை வருஷம் ஆச்சுங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்தாலும் ஒரு வருடத்துக்கு யாரும் போகவில்லை. பிறகு பெங்களூர்க்காரர்கள், விட்டுவிட்டு வருகிற போனஸையும் சேர்த்து நாங்களே தருகிறோம் என்றார்கள். எனக்கு மறுபடியும் பழைய கடிதம்.

நான் தங்கியிருந்த அறையில் என்னோடு இருந்தவர் டெஸ்டிங் இன்ஜினியர். இண்டூர்க்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் அண்ணா என்பேன். லைனில் வருகிற போர்டு எதில் கோளாறு என்று கையில் எடுத்த உடனே சொல்லிவிடுவார். அவர் போனால் லைன் இரண்டு மாதம் படுத்துவிடும் என்று மேனேஜரே சொல்வார். ஒரே அறையில் இருந்தோம், ஒரே பம்ப் ஸ்டவ்வில் சமைத்தோம், அவர் சம்பளம் என்னுடையதைப் போலப் பல மடங்கு. பொறாமை இல்லை என்று அப்போது நினைத்தேன். இருந்தது.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். எங்கள் கம்பெனியில் வரைபடம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும். இங்கே அதைப் பார்த்துப் பற்றவைப்பார்கள், அவர் சோதித்துப் பார்ப்பார். "எவனோ வரைஞ்சதைத் தட்டித் தட்டிப் பாத்துட்டே கெழவனாயிருவேன்ப்பா. நாமளா ஒண்ணு வரையணும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தடித்த நோட்டு ஒன்றில் ஏதோ சர்க்யூட் வரைந்துகொண்டிருப்பார். நான் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வரும்போதும் அதே இடத்தில் அதே லுங்கியோடு இருப்பார்.

ஒரு நாள் பெங்களூரிலிருந்து அவருக்கு ஆர்டர் வந்தது. சொந்தமாகக் கம்ப்யூட்டர் வடிவமைக்கிற கம்பெனி. டிசைனில் வேலை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். கடிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். டைப்பிங் சுத்தமாக இருந்தது என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. "யார்கிட்டயும் சொல்லிராத. தங்கச்சி கல்யாணம் தை மாசம் வருது. அம்மா காட்டை அடமானம் வைக்கிறேங்குது. அங்க சேந்துட்டா ஒரு வருஷத்துல மீட்டுருவேன்" என்றார். அப்பா இல்லாத வீடு. அம்மாவும் தங்கையும்தான்.

நான் சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடத்தில் பல காரணம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் போனால் அறை வாடகை முழுதும் என் தலையில் விழும் என்பது ஒன்று. மேனேஜர் என்னை உட்காரச் சொல்லிக் கேட்டார் என்பது இன்னொன்று. அதற்கு முன்னால் மேனேஜர் அறையில் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. "உன் ரூம்மேட்டும் போறானாமே? அவனுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார். ஆமாம், பெங்களூர் ஆர்டர் வந்துவிட்டது, தங்கை கல்யாணம் வருகிறது என்றேன். அவர் உடனே செக் எழுதுவதைப் பற்றிப் பேசினார். கல்யாண உதவி, ஐந்து வருடம் இருந்தால் திருப்பித் தரவேண்டாம்.

"செக் குடுத்தா திருப்பிக் குடுத்துருவாருங்க சார்" என்றேன். "பெங்களூர்க்காரங்க அதையும் கட்டிருவாங்க."

"அப்ப என்ன பண்ணலாம்?"

"தட்டுல வச்சு அவங்க அம்மா கையில குடுக்கணும் சார். வெத்தல பாக்கு வச்சு. எங்க பக்கம் கல்யாண வூட்டுக்கு வந்த தட்டைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க. அனுப்புனா பொண்ணுக்கு ஆகாதுன்னுவாங்க."

மேனேஜர் பியூனைக் கூப்பிட்டு எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.

எவர்சில்வர் தட்டைப் பஜாரில் நானே வாங்கினேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், இரண்டு சீப்பு வாழைப்பழம், மல்லிகைப்பூ. எங்கள் வேதக்கார வீட்டில் மஞ்சள் குங்குமம் வைக்க மாட்டோம், அதனால் கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு அடுக்கினேன். பழத்துக்கு அடியில் கவர். கவருக்குள் கல்யாணப் பணம், கூடவே ஐந்து வருட நிபந்தனைக் கடிதம், நான் அடித்தது, ஆங்கிலத்தில். அண்ணா பகல் ஷிப்டில் இருந்த ஒரு வியாழக்கிழமை, மேனேஜரும் நானும் கம்பெனி அம்பாசடரில் இண்டூர் போனோம். கிருஷ்ணகிரி தாண்டும்வரை தட்டு என் மடியில் இருந்தது. பூ வாடாமல் இருக்க ஈரத்துணி போட்டிருந்தேன்.

கார் நின்றதும் தெருவே கூடிவிட்டது. டை கட்டிய ஒருவர் தங்கள் தெருவில் இறங்கியதை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். அண்ணாவின் அம்மா களத்திலிருந்து ஓடிவந்தார். மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார், முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்லீங்கம்மா, நல்ல விசயந்தான். தங்கச்சி கல்யாணத்துக்குக் கம்பெனியில இருந்து தட்டு கொண்டாந்திருக்கோம்" என்றேன். அந்த அம்மா அப்படியே உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து போய்க் கைகால் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து, கிழக்கே பார்த்து நின்றார். தட்டை நீட்டினார் மேனேஜர். அந்த அம்மா கையை நீட்டப் போய், நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என் பையனுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்ங்கம்மா" என்றேன்.

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்களுக்கு மோர் கொடுத்தார். உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. வரும் வழியில் மேனேஜர் தூங்கிவிட்டார். நான் சன்னல் வழியாகப் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. வருத்தம் வரவில்லை. உள்ளே யாரோ சுண்ணாம்பு அடித்துக் காயவிட்ட சுவர் மாதிரி இருந்தது.

சாயங்காலம் அறைக்குப் போனபோது அண்ணா ரசம் வைத்துக்கொண்டிருந்தார். மறைக்க முடியாது, ஊரிலிருந்து எப்படியும் சேதி வந்துவிடும். சொன்னேன். எல்லாம் என் யோசனை என்பதையும் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா வாங்கிட்டாங்களா?"

"வாங்கிட்டாங்க."

"ரெண்டு கையிலயுமா?"

"ம்."

கரண்டியால் ரசத்தைக் கிளறினார். ரசத்தை யாரும் அப்படிக் கிளற மாட்டார்கள். பொங்கி வந்ததும் இறக்கிவைத்து, எனக்கும் தட்டுப் போட்டார். சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டு வந்தார். நான் கேட்காமலேயே சொன்னார்: "எனக்குத் தெரியாதுன்னு அம்மாகிட்டச் சொல்லல. சொன்னா தட்டைப் பாத்துப் பாத்தே ஒடஞ்சிரும். காட்டை அடமானம் வைக்காம தப்பிச்சோம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுது. வூடு தேடி வந்து வச்சுட்டுப் போனவங்களை வுட்டுட்டு எங்கயும் போயிராதடாங்குது." அவ்வளவுதான். பெங்களூருக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் எழுதி ஒட்டி, "தபாலாபீஸ் பக்கம் போனா போட்டுரு" என்று என்னிடமே கொடுத்தார். போட்டேன்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறையை மாற்றிக்கொண்டாவது போயிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. ஸ்டவ்வின் ஒரு கால் குட்டை, எப்போதும் ஆடும். அந்த வாரம் சர்க்யூட் நோட்டை இரண்டாக மடித்து அதன் கீழே முட்டுக் கொடுத்தார். ஆட்டம் நின்றது. அதன்மேல் மண்ணெண்ணெய் சிந்திச் சிந்தி நோட்டு கறுத்துப்போனது. நான் எத்தனையோ தடவை அதை எடுத்துவிட்டு ஒரு ஓட்டுச்சில்லை வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். வைக்கவில்லை.

கம்பெனியில் எனக்கு மவுசு கூடியது. டைப்ரைட்டரை விட்டு எழுப்பி, தனி மேசை கொடுத்தார்கள். எந்த இன்ஜினியர் வீட்டில் கல்யாணம், எங்கே வளைகாப்பு, யார் வீடு கட்டி நிலை வைக்கிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்வது என் வேலை. எவர்சில்வர் தட்டை டஜன் கணக்கில் வாங்கினோம். சேலம், ஊத்தங்கரை, தீர்த்தமலை என்று அம்பாசடரில் போனேன். தெலுங்கு பேசுகிற வீட்டில் எப்படிக் கொடுக்க வேண்டும், கன்னடக்காரர்கள் வீட்டில் எப்படி என்று எல்லாம் பழகிவிட்டது. எல்லா அம்மாக்களும் கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் வாங்கினார்கள். சிலர் அழுதார்கள். பெங்களூர்க் கம்பெனிகளிடம் பணம் இருந்தது. எங்கள் ஊர் அம்மாக்களின் விலாசம் அவர்களிடம் இல்லை. நான் அடிக்க வேண்டிய ராஜினாமாக் கடிதம் வருடத்துக்கு ஒன்று இரண்டு என்று குறைந்தது.

எண்பதுகள் முடியப்போகிற சமயம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதே மாதத்தில் அரூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலைக்கு ஆர்டர் வந்தது. சம்பளம் குறைவு. ஆனால் வீட்டுக்குப் பக்கம், அம்மா தனியாக இருக்க வேண்டாம், இன்னொருத்தர் வீட்டு வாசலில் போய்த் தட்டோடு நிற்க வேண்டாம். எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் எனக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அதை நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். அப்போதும் நாங்கள் ஒரே அறையில்தான் இருந்தோம். அவர் அதற்குள் அசிஸ்டென்ட் மேனேஜர் ஆகியிருந்தார். "நல்லதுப்பா" என்றார்.

சனிக்கிழமை மதியம் ஊருக்குப் போய் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எங்கள் வீட்டு முன்னால் கம்பெனி அம்பாசடர் நின்றது. வாசலில் அக்கம்பக்கத்தார். உள்ளே திருஇருதயப் படத்துக்குக் கீழே அண்ணா டை கட்டிக்கொண்டு, கையில் தட்டோடு நின்றார். வெற்றிலை, பாக்கு, பழம், பூ. மஞ்சளும் குங்குமமும் இல்லை, சரியாகக் கேட்டுத்தான் அடுக்கியிருந்தார். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவரிடம் கேட்டாள்.

"என் பையனுக்குத் தெரியுமா தம்பி?"

அவர் வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. சந்தோஷமும் இல்லை.

"தெரியும்ங்கம்மா" என்றார். "அவருதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.