ரோட்டின் வலது ஓரம்

மூன்று மாதமாக வலது குதிகால் வலி. காலையில் எழுந்து தரையில் கால் வைக்கவே பயமாக இருக்கிறது.

இன்று கொல்லங்கோடு பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பவரிடம், குதிகால் வலியைச் சொல்லி, நான் ஓடும்போது போடுகிற ஷூவைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, வலது ஷூ மட்டும் வெளிப்பக்கமாத் தேஞ்சிருக்குது. எப்பவும் ரோட்டுக்கு வலது ஓரத்துலதான் ஓடுவீங்களா?"

"ஆமாங்க."

"ஓரம் சரிவா இருக்குமுங்க. வலி அதுனாலயும் இருக்கலாம். கொஞ்ச நாள் இடது ஓரமா ஓடிப் பாருங்க."

இடது ஓரத்தில் ஓடினால் வண்டிகள் முதுகுக்குப் பின்னால் வரும். போன வருஷம் என்னோடு சேர்ந்து ஓடுகிற நண்பன் மணிகண்டன் அப்படிப் பின்னால் வந்த லாரியில்தான் அடிபட்டுச் செத்தான்.

அவரிடம், "பாக்கறனுங்க" என்றேன்.

குதிகால் வலிக்கு வேறு காரணம் ஏதாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். எதுவானாலும் நம்பத் தயாராக இருக்கிறேன்.