கடுகண்ணாவைப் பொட்டலம்

இரண்டாவது கொரோனா தடுப்பூசி போட்ட சில வாரங்களில் என் விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கின. பாடசாலைகள் மறுபடி திறந்தபோது, கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதி முடிப்பதற்குள் வெண்கட்டி கையிலிருந்து விழுந்துவிடும். அதே நாட்களில் எங்கள் மனைப்பொருளியல் ஆசிரியைக்கும் முழங்காலும் மணிக்கட்டும் வலித்தன. ஒரே மண்டபத்தில், ஒரே வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் நாங்கள்.

அவள் யாழ்ப்பாணத்துப் பெண். கணவருக்குப் பேராதனைப் புகையிரத நிலையத்தில் வேலை. என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னை அக்கா என்பாள். நான் கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். வலி வந்த பிறகுதான் நெருக்கமானோம். உண்மையைச் சொன்னால், அவளுக்கும் வலிக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பேராதனை கிளினிக்குக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். எங்களைப் பார்த்த பெண் டாக்டர் இருவருக்கும் ரத்தம் எடுத்தார். எனக்கு மூட்டுவாதம். உடம்பின் காவல் உடம்பையே தாக்குகிற வகை என்றார். ஊசியால் வந்ததா என்று கேட்டேன். "ஊசிக்குப் பிறகு வந்தது உண்மை. ஊசியால் வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. பதிந்து மேலதிகாரிகளுக்கு அனுப்புகிறேன்" என்றார். முதல் சில வாரங்களுக்கு ஸ்டீரொயிட் குளிசை தந்தார். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறை எடுக்கிற வேறு குளிசை. அது வேலை செய்ய மாதங்கள் ஆகும். அவளுடைய ரத்தத்தில் ஒன்றும் இல்லை. வலிக்கு மட்டும் ஏதோ எழுதிக்கொடுத்து, பொறுத்துப் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"எனக்கு வருத்தமே இல்லை, நடிக்கிறன் எண்டு நினைக்கினம், அக்கா" என்று பஸ்ஸில் அழுதாள். அதன் பிறகு அவள் கிளினிக் பக்கம் வரவில்லை.

ஸ்டீரொயிட்டை நிறுத்தியதும் என் வலி திரும்பி வந்தது. அவள் வலியோ போய்விட்டது. கடுகண்ணாவையில் ஒருவர் தருகிற பொடி என்றாள். பிள்ளைகளின் கொப்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். சமையலறையில் இறுகிப்போன போத்தல் மூடிகளைப் பிள்ளைகள் அவளிடம்தான் நீட்டினார்கள். நான் ஆசிரியர் அறைக் கதிரையில் இருந்து அதையெல்லாம் பார்ப்பேன். "நீங்களும் வாங்கோ அக்கா" என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் சிரித்து மழுப்பினேன். அவள் கும்மி பழக்கிய பிள்ளைகளோடு தானும் கைதட்டிச் சுற்றியதைப் பார்த்த அன்று வீட்டுக்குப் போய்த் தலையணையைக் குத்த நினைத்தேன். குத்துவதற்கும் கை வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளோடு கடுகண்ணாவைக்குப் போனேன். மேட்டில் ஒரு வீடு. ஊசியின் நச்சை எடுப்போம் என்று பலகை போட்டிருந்தது. சுவர் நிறையக் குணமானவர்களின் படங்கள். அந்த மனிதர் சிங்களத்தில் மென்மையாகப் பேசினார்.

"சரியாகாதவங்க படம் ஒன்னும் இல்லையா?" என்று கேட்டேன்.

"சரியாகாதவர்கள் திரும்பி வந்து படம் எடுத்துக்கொள்வார்களா?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

கணிதம் படிப்பிக்கிறவள் நான். அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். பொட்டலங்களுக்குக் கையை நீட்டினேன்.

இரண்டாம் நாளே விரல்கள் மடங்கின. மூன்றாம் நாள் நானே தலை பின்னினேன். ஆனால் பசி தாங்க முடியவில்லை. பின்னேரமே பாணையும் சம்பலையும் தேடினேன். தூக்கம் போனது. அந்தப் பசியும் அந்தச் சுறுசுறுப்பும் எனக்குத் தெரிந்தவை. கிளினிக்கில் முதலில் தந்த குளிசையை எடுத்தபோதும் இப்படித்தான் இருந்தது. நான்காம் நாள் நிறுத்திவிட்டு, மிச்சப் பொட்டலங்களை டாக்டரிடம் கொண்டுபோனேன்.

"என்ன கலந்திருக்கிறது என்று இங்கே பார்க்க வழியில்லை. ஆனால் நீங்கள் சொல்வது ஸ்டீரொயிட் போலத்தான் இருக்கிறது. வேறு யார் குடிக்கிறார்கள்?"

கூட வேலை செய்கிறவள், நாலு மாதமாக என்றேன்.

டாக்டர் பேனையைக் கீழே வைத்தார். "திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. இந்த வாரமே கூட்டி வாருங்கள்."

அவளிடம் நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவள் வந்தாள். முகம் உருண்டிருந்தது. நல்லா உடம்பு வச்சு அழகாயிட்டீங்க என்று மற்ற ஆசிரியைகள் புகழ்ந்தார்கள். அது ஸ்டீரொயிட்டால் வருகிற வீக்கம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். பரீட்சை முடியட்டும், அவளைப் பயமுறுத்தக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் அதுவல்ல. அந்த முகம் ஊதுவதைப் பார்க்க எனக்கு இதமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, இடைவேளையில் என் பக்கத்தில் வந்து இருந்தாள். "அந்த மனுசன் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போயிட்டார், அக்கா. நாலு நாளா மருந்து இல்லை. பரவாயில்லை, எனக்குத்தான் சுகமாயிட்டுதே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அப்படியா" என்றேன். மணி அடித்தது.

அடுத்த நாள் வகுப்பில் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாள். பாடசாலை அதிபரின் வான் வண்டியில் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் இருந்த டாக்டரிடம் பொடியைப் பற்றியும், எத்தனை நாள் குடித்தாள், எப்போது நின்றது என்பதையும் மூச்சு விடாமல் சொன்னேன். உடனே ஸ்டீரொயிட் ஊசி ஏற்றினார்கள். சரியான நேரத்தில் சொன்னீர்கள் என்று அந்த டாக்டர் என்னைப் பாராட்டினார். அவள் கணவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். விரல்கள் வலித்தன. இழுத்துக்கொள்ளத் துணிவு வரவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாட்டில் அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். அந்தப் பொடியில என்ன இருக்கும்னு டாக்டர் என்கிட்ட மூனு வாரத்துக்கு முந்தியே சொன்னாங்க" என்றேன்.

"பிறகு ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சுகமானது எனக்குப் பொறுக்கல."

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "நீங்கள் இப்ப போங்கோ" என்றாள்.

அவளுக்கு ஸ்டீரொயிட்டைக் குளிசையாகக் கொடுத்து, பல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். அவ்வளவு நாளும் அவள் என்னோடு பேசவில்லை. மருந்து நின்றதும் வலி திரும்பும் என்று நான் எதிர்பார்த்தேன். பயந்தேன் என்று எழுதத்தான் ஆசை. காத்திருந்தேன் என்பதுதான் சரி. வலி திரும்பவில்லை.

என் டாக்டரிடம் கேட்டேன். "ஊசிக்குப் பிறகு வருகிற மூட்டுவலி சிலருக்குத் தானாகவே போய்விடும். அவருடையது அந்த வகையாக இருந்திருக்கலாம். பொடி குடித்திருக்காவிட்டாலும் போயிருக்கும். ஒருவருடைய கதையை மட்டும் வைத்து எந்த மருந்தையும் தீர்மானிக்க முடியாது" என்றார். ஏமாற்றுப் பொடியைக் குடித்தவளுக்குச் சுகம். சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்த எனக்கு நோய். நியாயம் எங்கே என்று டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் என் கையைத் திருப்பிக் கணுக்களை அழுத்திப் பார்த்தார்.

பிறகு ஒரு கிளினிக் நாளில், பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தது அவள்தான். "எனக்கு உங்களில இன்னும் கோவம்தான். ஆனா தனியப் போகாதேங்கோ" என்றாள். அதிலிருந்து பல முறை என்னோடு வந்திருக்கிறாள். டாக்டர் என் மருந்தை மாற்றினார். ஒரு நாள் என் ரத்தப் பரிசோதனை முதல்முறையாக நல்லபடி வந்தது. தாளைப் பிடுங்கி வாசித்துவிட்டு, வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

அதையும் நான் பொறாமையோடுதான் பார்த்தேன். இன்னொருத்தி சுகமானதற்கு இப்படிச் சந்தோஷப்பட அவளால் முடிகிறது.