முதல் பிடிச் சோறு

மூன்று நாளாகக் கருப்பம்மா சோற்றுக்கு வாயைத் திறக்கவில்லை. பூனாகலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். இப்போது பெற்ற மகளின் பெயர்கூட நினைவில் இல்லை. பண்டாரவளை முதியோர் இல்லத்தில் அவரைப் பார்த்துக்கொள்பவள் ஜீவராணி. அவள் கரண்டியை நீட்டினால் போதும், பல்லில்லாத வாய் பூட்டிக்கொள்ளும்.

"இன்னைக்குப் பகலும் சாப்பிடலேன்னா பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்குல டியூப் போட வேண்டியதுதான்" என்று பொறுப்பு நர்ஸ் விஜயலெட்சுமி சொல்லிவிட்டார். டியூப்பைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிலோடு கட்டிவிடுவார்கள். ஜீவராணி பார்த்திருக்கிறாள்.

விபூதி பூசிவிட்டாள். போனில் முருகன் பாட்டுப் போட்டாள். பக்கத்துக் கட்டில் பலீலா உம்மா ஓதித் தந்த தண்ணீரையும் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் இறங்கவில்லை.

பகல் சோற்றைப் பிசையும்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன கிழமை வரை கருப்பம்மா தன் கையால்தான் சாப்பிட்டார். முதல் பிடியைத் தரையில் போடுவார். கூட்டிக் கூட்டி அலுத்துப்போய்க் கரண்டியை எடுத்தவள் ஜீவராணியேதான். லுணுகலையில் அவள் அம்மாவும் முதல் பிடிக் கொழுந்தை, விளைச்சல் பெருகட்டுமென்று "பொலி" சொல்லி, முனியாண்டி கல்லுக்குப் போட்டுவிட்டுத்தானே கூடையில் போடுவாள்! தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்கே தெரியாமல் போய்விட்டது.

முற்றத்துக்கு ஓடி ஒரு கல்லைக் கழுவி வந்து, திருநீறு பூசி மேசையில் வைத்தாள்.

"ஆயி, முனியாண்டிக்கு வச்சிட்டுச் சாப்பிடுங்க."

கருப்பம்மாவின் முகம் தெளிந்தது. "பொலி, பொலி" என்றபடி ஒரு பிடியைக் கல்லடியில் வைத்துக் கும்பிட்டார். கை மறுபடி தட்டுக்குப் போனது. ஜீவராணி தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அந்தப் பிடியும் கல்லுக்கே போனது.

"வச்சாச்சு ஆயி. இது ஒங்களுக்கு."

"எப்படி வச்சேன், எப்ப வச்சேன்? சாமிக்கு வைக்காமத் திங்கச் சொல்றியாடி?"

அடுத்ததும் அப்படியே. கருப்பம்மாவுக்கு ஒவ்வொன்றும் முதல் பிடிதான். கல்லை ஒளித்தாள்; கிழவி அழத் தொடங்கினார். திரும்ப வைத்தாள். கல்லடிச் சோற்றை எடுத்துப் பிரசாதமென்று நீட்டினாள். கையில் பளாரென்று அடி விழுந்தது.

"சாமி சோத்துல கைய வைக்காத!"

தட்டுக் காலியானது. விஜயலெட்சுமி எட்டிப் பார்த்தார்.

"சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டுச்சு தாயி, வயிறு நெறைய" என்று கருப்பம்மா கல்லைக் காட்டிச் சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"இன்னும் ஒரே ஒரு தட்டு, மிஸ்" என்றாள் ஜீவராணி.

வாசலில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வான் வந்து நின்ற சத்தம் கேட்டது.