கண்ணாடிக்குள் கிடந்த சலங்கை

அருங்காட்சியகத்தின் வாசலில் அவள் செருப்பைக் கழற்றினாள். கழற்றிவிட்டு என் காலைப் பார்த்தாள். நானும் கழற்றினேன். மரத்தரையின் குளிர் ஓடைத் தண்ணீர்போல உள்ளங்காலில் ஏறியது.

மேல்மலையில் இருக்கும் கிளாவரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். பூண்டு விவசாயம் செய்கிறவள். ஏறக்குறைய என் வயதுதான் என்றாலும், பார்த்த நாளிலிருந்து என்னை அக்கா என்றே அழைக்கிறாள். அவள் தோட்டத்து வரப்பில் ஒரு கல் நிற்கிறது. அதுதான் ஆத்தா. அந்த ஆத்தா இவள்மேல் இறங்கும். ஊர்ப் பெரிய கோயிலில் ஆண்கள்தான் சாமியாடலாம் என்பது கட்டுப்பாடு. ஆகவே இவள் ஆட்டத்துக்குக் கூரை இல்லை, மேளம் இல்லை. மேகமும் பூண்டு வாசனையும்தான்.

அந்த ஆட்டத்தை இரண்டு மாதம் கூடவே திரிந்து வீடியோ எடுத்திருந்தார் சென்னையிலிருந்து வந்த ஓர் இளம் பெண் கலைஞர். அதைக் கொடைக்கானலின் இந்தச் சின்ன அருங்காட்சியகத்தில், பாடம் செய்த பறவைகள் நிற்கும் கண்ணாடிப் பெட்டிகள்மேல் ஓடவிட்டு, நடுவில் இவளை நேரில் ஆடவைப்பதாக ஏற்பாடு. சுவரில் ஒட்டும் வாசகம் என் பொறுப்பு. நான்கு முறை எழுதிக் கிழித்திருந்தேன். எழுதினால் ஆட்டம் நின்றுவிடுகிறது, என்ன செய்ய?

அவள் பறவைகளைப் பார்க்கவில்லை. நேரே கடைசிப் பெட்டிக்குப் போனாள். உள்ளே தோல்வாரில் கோத்த ஒரு ஜோடி சலங்கை. பக்கத்தில் மங்கிய அட்டை: ‘சலங்கை. மேல்மலை.’

“இந்தா இருக்கா பாருங்க!” என்றாள். “எங்க அத்தை கால்ல கெடந்ததுக்கா. வீடு ஒழுகுது, பத்திரமா வச்சிருங்கன்னு குடுத்துட்டுப் போனாங்களாம். பத்திரமாத்தான் வச்சிருக்காங்க. ஆத்தாவுக்குத்தான் மூச்சு முட்டும்.”

இன்று மட்டும் அதைக் கட்டிக்கொண்டு ஆடவேண்டும் என்றாள். அத்தைக்குப் பிறகு யார் காலும் அதற்குள் நுழையவில்லை. அவள் வந்ததே அதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

காப்பாளர் சாவிக்கொத்தோடு வந்தார். குரங்குக் குல்லா, பளபளக்கும் ஷூ. “பொட்டியத் தொறக்க எனக்கு அதிகாரம் இல்லீங்கம்மா. தோலு இத்துப்போச்சு. கட்டுனா பொடிப்பொடியா உதிர்ந்துரும்.”

“ஒங்களை யாரு கேட்டா? ஆத்தாவைக் கேப்போம்.”

பூப்போட்டுக் கேட்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சம்மதம். வாசல் தோட்டத்து ரோஜா இதழ்களை நான்தான் நிகழ்ச்சி அழைப்பிதழைக் கிழித்து அதில் மடித்தேன். பெட்டியின்மேல் இரண்டையும் வைத்தாள்.

“எடுக்குறதுக்கு ஒண்ணும் தெரியாத பச்சப்புள்ள வேணும். இப்ப புள்ளைக்கு எங்கிட்டுப் போக? சார், நீங்களே எடுங்க.”

“நானா? நான் இதெல்லாம் நம்புறதில்லீங்க.”

“நீங்க நம்ப வேணாம், எடுத்தாப் போதும். வேணாங்குற ஆளு கைக்கே வெள்ளை வந்தா, ஆத்தா சொன்னான்னு யாரும் மறுக்க முடியாதுல்ல?”

எனக்கு எது எது என்று தெரியும். மடித்த கையாயிற்றே. அவர் விரல் தயங்கியபோது, கொஞ்சம் இடது பக்கம் போயேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். வலது பக்கம் போனது. பிரித்தார். சிவப்பு.

அவளைவிட அவர் முகம்தான் அதிகம் வாடியது. “இன்னொரு தடவை வேணா…”

“ஆத்தாகிட்டப் பேரமா? வேணாம்னா வேணாந்தான்.” வெளியே போய் ரோஜாச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். நான் வாங்கிக்கொடுத்த டீ அவள் கையிலேயே ஆறிப்போனது.

பிற்பகலில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். புரொஜக்டர் கண்ணைத் திறந்ததும் காட்டுக்கோழி பூண்டு வயலில் மேய்ந்தது, ஆந்தையின் முகத்தில் மேகம் ஊர்ந்தது. அவள் ஊரிலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய ஏழெட்டுப் பெண்கள், ஒளியில் அந்தக் கல் தெரிந்ததுமே சுவரோரம் ஒதுங்கிவிட்டார்கள். கேமராவோடு குறுக்கே போன ஒரு கல்லூரி மாணவனுக்கு அதட்டல் விழுந்தது: “ஏலே, அங்கிட்டு நில்லு! ஆத்தா வர்ற வழியில போறான் பாரு!”

சுற்றுலா வந்தவர்களும் பதறி ஒதுங்கினார்கள். ஒளி மட்டும் நடுவே ஒரு தெருபோலக் காலியாகக் கிடந்தது.

“ஐயோ, ஆட்கள் நடுவுல நடந்து நிழல் விழணும்னுதான் இப்படி வச்சேன்,” என்று கலைஞர் என் காதில் சிணுங்கினார்.

“நடக்க மாட்டாங்க,” என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் தெருவில் இவள் வெறுங்காலோடு வந்தாள். முதல் குதியிலேயே பலகைத் தரை அதிர்ந்தது. எங்கிருந்தோ, ஜல்.

எல்லோரும் அவள் காலைப் பார்த்தார்கள். காலில் ஒன்றுமில்லை. இரண்டாவது குதி. ஜல், ஜல். கடைசிப் பெட்டி ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே சலங்கை குதித்துக்கொண்டிருந்தது. காப்பாளர் பாய்ந்துபோய்ப் பெட்டியை இரு கையாலும் கட்டிப்பிடித்தார். சத்தம் அடங்கியது. அவள் கால் ஒரு கணம் தடுமாறியது. பிறகு வேகம் குறைந்தது. அதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

மெதுவாகக் கைகளை எடுத்தார்.

ஜல்!

ஒரு பெண் குலவையிட, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவள் கண் மூடியிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. பெட்டிக்கு அடியில் ஓடும் பலகை எது என்று கால் கண்டுபிடித்துவிட்டது. அதன்மேலேயே மிதித்து மிதித்து ஆடினாள். தட்டினால் உடனே பதில். எனக்கும் கால் நிற்கவில்லை. இருட்டில் காப்பாளர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து வெளியே புல்வெளியில் அவள் சூடான டீயை ஊதி ஊதிக் குடித்தாள். காப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏம்மா, பூ செவப்புதானே வந்துச்சு?”

“கட்டிக்கிடவான்னுதான் கேட்டோம், வேணாம்னுட்டா. சத்தம் குடுக்க மாட்டேன்னா சொன்னா?”

அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். ஒரு கையில் ஷூ, மறு கையில் டீ, ஈரப் புல்லில் நனையும் காலுறையோடு நின்றுகொண்டிருந்தார்.