ஆட்டைத் தவிர எல்லாம் சொல்லலாம்

“...மாட்டைப் பத்திச் சொல்லுங்க, குதிரையைப் பத்திச் சொல்லுங்க, கொழும்புல எந்தத் தொரைசானி பூனைக்கு மருந்து குடுத்தீங்களோ அதையும் சொல்லுங்க. ஆட்டைப் பத்தி மட்டும் மூச்சு விடக்கூடாது தம்பி. வெளங்குதா?”

பெரிய கங்காணி இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் துணி மூட்டையை, தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் இறக்கினேன். பகல் சாய ஆரம்பித்திருந்தது. கீழே ரப்பர் மலையில் பால் வெட்டு முடிந்து ஆண்கள் திரும்பியிருந்தார்கள். மேலே தேயிலையில் பெண்கள் இன்னும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணிக்கு எதிரில், குளித்துத் தலைவாரி, காலில் கொழும்புச் சப்பாத்து மாட்டி, ஒரு வாலிபர் நின்றார். அன்று மாலை கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குத் துரை வரும்போது அவர் வேலை கேட்கப் போகிறார். அதற்குத்தான் இந்தப் பாடம்.

நான் அப்போது பெல்மதுளையிலிருந்து சுற்றியுள்ள தோட்டங்களுக்குச் சேலைத் துணி சுமந்து விற்றுக்கொண்டிருந்தேன். முஸ்லிம் வியாபாரிகளைக் கூப்பிடுகிற வழக்கப்படி, லயத்தில் எல்லோருக்கும் நான் ‘நானா’. வீட்டில் கேட்டால் வியாபாரத்துக்குப் போகிறேன் என்பேன். உண்மையில், இந்த மாதிரிப் பேச்சு காதில் விழும் என்றுதான் அந்த ஏற்றத்தை மூச்சிரைக்க ஏறுவேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மீதியை லயத்து வாசல்களில் படித்தேன்.

அந்த வாலிபர் கொழும்பில் மிருகங்களுக்கான ஒரு ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்தவர். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று மாட்டைப் பிடித்து, புண் கழுவி, மருந்து ஊற்றி, கட்டுப் போட்டுப் பழகியவர். லயத்தில் எல்லோரும் அவரை மாட்டு டாக்டர் என்றார்கள். பாதி மரியாதை, பாதி கேலி. அவர் அதை முழு மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

மனைவி இந்தத் தோட்டத்துப் பெண். முதல் பிள்ளை வயிற்றில். கொழும்பில் குதிரை லாயத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் பெற முடியாது என்று சொல்லி, தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். இவரும் வேலையை விட்டுப் பின்னாலேயே வந்தார். வந்த இடத்தில் சிக்கல். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. தோட்டம் இருக்கிற ஆளையே குறைத்துக்கொண்டிருந்தது. தோட்டத்தில் பேர் இல்லாதவர் லயத்துக் காம்பராவில் தங்கக்கூடாது என்பது சட்டம். மாதம் முடிவதற்குள் பேர் பதியாவிட்டால் மாப்பிள்ளை இறங்கிப் போக வேண்டும் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். பிள்ளை பிறக்கிற நேரத்தில் தகப்பன் கொழும்பில், தாய் இங்கே. மாதம் முடிய அதிக நாள் இல்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. வரக்காப்பொல வரைக்கும் பஸ் ஏறிப்போய், வண்டி மாடு நிறைய வைத்திருந்த ஒரு முதலாளியைப் பார்த்தார். “மாட்டுக்கு வைத்தியம் பார்க்க ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும்னா, மாடு எனக்குச் சும்மா கிடைக்கணும் மகன்” என்று சொல்லி அந்த முதலாளி தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். கித்துல்கல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லாடம் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றார். “அப்ப என்ன டாக்டர்?” என்றார்களாம். இதை அவரே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. துணியை உதறுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கடைசியில் இதே தோட்டத்தில் கதவு திறந்தது. துரை புதிதாகப் பால் மாடுகள் வாங்கியிருந்தார். அதில் நல்ல மாடு ஒன்று வயிறு ஊதி, இரத்தினபுரியிலிருந்து டாக்டர் வந்து சேர்வதற்குள் செத்துப்போனது. அன்றிலிருந்து மாட்டுப்பட்டிக்கு விஷயம் தெரிந்த ஆள் வேண்டும் என்று துரை சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பங்களாவில் சமைக்கிற அப்பு இந்தச் செய்தியைக் கொண்டுவந்தார்.

அவ்வளவுதான், யோசனை மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. மிருக வைத்திய வேலைக்கு எப்படிப் போவது என்று தெரியாத ஆளே அந்த லயத்தில் இல்லை. மீசையை எடுத்துவிட்டுப் போகச் சொன்னார் ஒருவர், மீசை இருந்தால் துரை தன்னோடு போட்டிக்கு வந்தவன் என்று நினைப்பாராம். மீசையை இன்னும் கொஞ்சம் முறுக்கச் சொன்னார் இன்னொருவர், மாடு பயப்பட வேண்டுமாம். அப்புவின் யோசனை வேறு. ‘சரி, சரி’ என்பதை அவர் சிங்களத்தில்தான் சொல்வார். “ஹரி, ஹரி, மீசை இருக்கட்டும். தொரைக்கி முன்னாடி நாயைத் தடவு. நாய் வாலாட்டினா தொரை பாதி சம்மதம்” என்றார். நானும் விடவில்லை. “நான் மூட்டையை அவிழ்க்காம ஒரு முழம் துணி வித்ததில்ல தம்பி. தெரிஞ்சதை எடுத்து விரிச்சுக் காட்டுங்க” என்றேன்.

“விரிக்கலாம் நானா, ஆட்டை மட்டும் மடிச்சு உள்ள வச்சிரணும்” என்றார் கங்காணி.

டாக்டரின் மனைவி உள்ளே அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “மாட்டுக்கிட்டப் பேசுற மாதிரி தொரைகிட்டப் பேசச் சொல்லுங்க, வேலை கெடச்சிரும். மனுசங்ககிட்டப் பேசத்தான் இவருக்கு வராது.”

ஆட்டுக் கதை இதுதான். தோட்டத்தில் ஆடு வளர்க்கக்கூடாது. தேயிலைக் குருத்தையும் ரப்பர் கன்றின் பட்டையையும் கடித்துவிடும் என்று துரை தடை போட்டிருந்தார். அந்தத் தடையைத் தப்பு மேளம் அடித்து லயம் லயமாக அறிவித்தவர் நம் பெரிய கங்காணி. மீறுகிறவர்களைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவரும் அவரே. ஆனால் அவரே ஓடைப் பள்ளத்துப் பழைய கொட்டகையில் ஆடு வைத்திருந்தார். கங்காணியே வைத்திருக்கிறார் என்ற தைரியத்தில் லயத்தில் பாதிப் பேர் வைத்திருந்தார்கள். ஆடு கத்தினால் பக்கத்து வீட்டார் இருமுவார்கள். அந்தத் தோட்டத்தில் இருமல் அதிகம் என்று புதிதாக வந்த மருந்துக்காரர் குறிப்பெழுதிக்கொண்டாராம்.

அதில் கங்காணிக்கு உயிரான வெள்ளாடு ஒன்று. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. அது பலாச் சக்கையை அளவில்லாமல் தின்று வயிறு ஊதிச் சாய்ந்துவிட்டது. கங்காணி ஓடிவந்து மாட்டு டாக்டரை இழுத்துப் போனார். அவர் தொட்டுப் பார்த்து, இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் இருக்கிற குழியில் கத்தி முனையை இறக்கி, ஒரு பப்பாளித் தண்டை நறுக்கி உள்ளே செருகினார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. ஆடு எழுந்து நின்று, முதல் வேலையாக அவர் சட்டைத் துணியைக் கடித்தது.

“கங்காணி ஐயா அன்னைக்கி அழுதாரு நானா. அவங்க சம்சாரம் காய்ச்சல்ல கெடந்தப்பகூட அப்படி அழல” என்றாள் டாக்டரின் மனைவி.

“அழுவுறதா? பலாப் பாலு கண்ணுல பட்டிருச்சு” என்றார் கங்காணி.

இப்போது துரையிடம் அந்த வைத்தியத்தைச் சொன்னால் ஆடு வெளியே வரும். ஆடு வந்தால் கங்காணியின் கோட்டும் தலைப்பாகையும் போகும், அதோடு லயத்தில் எல்லோர் ஆடும் போகும். அதனால்தான் அந்தப் பாடம். டாக்டரும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

மாலையில் மடுவத்துக்கு நானும் போனேன். பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். டாக்டரின் மனைவி ஒரு கவிழ்த்த கூடையில் உட்கார்ந்திருந்தாள். துரை நாயோடு வந்தார். டாக்டர் அப்பு சொன்னபடி நாயைத் தடவினார். நாய் வாலாட்டவில்லை, கொட்டாவி விட்டது.

“நீதான் மாட்டுக்கு மருந்து போடுற ஆளா?” என்றார் துரை. தோட்டத்துத் தமிழை அவர் நன்றாகவே பேசுவார். மரியாதைச் சொற்களை மட்டும் யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

“ஆமாங்க தொரை.”

“வயிறு ஊதின மாட்டைக் குத்தத் தெரியுமா?”

“தெரியுங்க.”

“கொழும்பில குத்தினது யாரு? நீயா, டாக்டரா?”

பொய் சொல்லியிருக்கலாம். இந்த மனிதருக்கு அது வரவில்லை. “டாக்டருதாங்க. நான் புடிச்சுக்குவேன்.”

“புடிக்கிற ஆள் என்கிட்ட நெறைய இருக்கு. உன் கையால குத்தினது உண்டா?”

“உண்டுங்க.”

“எங்க?”

“இங்கதாங்க” என்று வாயில் வந்துவிட்டது.

கங்காணி தராசுக் கொக்கியை ரொம்பக் கவனமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

“இங்கயா? எந்த மாடு?”

“மாடு இல்லீங்க.”

“அப்ப என்ன, யானையா?”

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. என்ன மிருகம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவராக மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள். எங்கிருந்தோ ஒருவர் இருமினார்.

டாக்டர் தன் சப்பாத்தைப் பார்த்தபடி, “சொல்ல முடியாதுங்க தொரை” என்றார்.

“சொல்ல முடியாட்டி வேலையும் குடுக்க முடியாது” என்று துரை திரும்பினார். நாயும் திரும்பியது.

டாக்டரின் மனைவி கூடையைப் பிடித்து மெல்ல எழுந்து நின்று, கங்காணியைப் பார்த்தாள். அவள் பார்த்த விதத்தை நானும் கண்டேன். அந்தப் பார்வைக்கு நான் என்றால் மூட்டையை அப்படியே கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். கங்காணி கொக்கியைத் துடைத்தார். தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“தொரை... அது ஒரு ஆடுங்க.”

துரை நின்றார்.

“பக்கத்துத் தோட்டத்து ஆடுங்க. வழி தப்பி நம்ம எல்லைக்குள்ள வந்து, வயிறு ஊதிக் கெடந்திச்சு. வாயில்லாச் சீவன், பாவம்னு இந்தத் தம்பி குத்திக் காப்பாத்தினாரு. நான் கண்ணால பாத்தேங்க.”

“இப்ப எங்க அது?”

“அது... தேறட்டும்னு கட்டி வச்சிருக்குங்க.”

“கொண்டு வா.”

ஆளனுப்பி ஆட்டைக் கொண்டுவந்தார்கள். கங்காணி மூன்றாம் மனிதரைப் போலக் கைகட்டி வேறு பக்கம் பார்த்து நின்றார். ஆட்டுக்கு அந்த ஏற்பாடு தெரியவில்லை. அவரைக் கண்டதும் கத்திக்கொண்டு, கயிற்றைப் பறித்துக்கொண்டு ஓடிவந்தது. முழங்காலில் தலையைத் தேய்த்தது. பிறகு பழகிய கையைப் போல மூஞ்சியைக் கோட்டுப் பைக்குள் விட்டு, வெற்றிலையை எடுத்து மெல்ல ஆரம்பித்தது.

மடுவம் முழுக்கச் சிரித்தது. நான் மூட்டையில் சாய்ந்துகொண்டு சிரித்தேன்.

“பக்கத்துத் தோட்டத்து ஆட்டுக்கு உன் பாக்கெட் எப்படித் தெரியும்?” என்றார் துரை.

“அறிவுள்ள ஆடுங்க தொரை” என்றார் கங்காணி.

துரை குனிந்து ஆட்டின் இடது பக்கத்தைப் பார்த்தார். தழும்பை விரலால் அமுக்கினார். எதை வைத்துக் குத்தினாய், உள்ளே எதைச் செருகினாய், புண்ணில் என்ன போட்டாய் என்று டாக்டரிடம் கேட்டார். பப்பாளித் தண்டு என்றதும் தலையை ஆட்டினார். அதற்கப்புறம் டாக்டர் நிறுத்தவேயில்லை. வேப்பெண்ணெய், ஈ மொய்க்காமல் கட்டுவது, எத்தனை நாள் ஈரப்புல் கொடுக்கக்கூடாது என்று ஆட்டின் முதுகில் கைவைத்துக்கொண்டே பேசினார். அவர் மனைவி சொன்னது சரிதான். கைக்குக் கீழே ஒரு மிருகம் இருந்தால் அவருக்குப் பேச்சு வரும்.

“நாளைக்கு மாட்டுப்பட்டிக்கு வா. கணக்கப்பிள்ளை பேரைப் போடுவான்” என்றார் துரை. பிறகு கங்காணி பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை, மீசையில் மட்டும் கொஞ்சம் இருந்தது. “இந்த ஆட்டை இன்னைக்கே எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடு. அந்தத் தோட்டத்து ஆடு வேற எதெல்லாம் வழி தப்பி வந்திருக்கோ, ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் அனுப்பிடு.”

“சரிங்க தொரை.”

டாக்டரின் மனைவி திரும்பக் கூடையில் உட்கார்ந்து சிரித்தாள், முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். “பலாப் பாலா?” என்று நான் கேட்டேன். “ஆமா நானா, இந்தத் தோட்டத்துல நெறையக் காய்க்குது” என்றாள்.

கூட்டம் கலைந்தது. வீட்டுக்குத் திரும்ப நான் மூட்டையைத் தூக்கியபோது கங்காணி கயிற்றைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றார்.

“நானா, ஒங்க வீட்டுப் பின்னால வேலி இருக்கா?”

“இருக்கு கங்காணியாரே.”

“ஓட்டை ஒடசல் இல்லாத வேலியா?”

“உங்க ஆட்டுக்குத் தகுந்த வேலி. ஆனா ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி பக்கத்துல வருது, யோசிச்சுக்குங்க.”

“அந்தப் பெருநாளுக்கு நீங்க என்ன வேணாலும் வாங்குங்க. இவளுக்கு முன்னால அந்தப் பேச்சை எடுக்காதீங்க” என்று ஆட்டின் காதைக் கையால் பொத்தினார்.

நாங்கள் மூவரும் இறங்கினோம். ஒற்றையடிப் பாதையில் முன்னால் ஆடு, நடுவில் அவர், பின்னால் நான். பாதி வழியில் மழை பிடித்தது. துரையின் எல்லைக்குள் அவருக்கு மரியாதையாக ஒரு கங்காணி குடையை விரிக்க மாட்டார், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைவார். அன்றும் அப்படியே நனைந்தார். எல்லைப் பாலத்தைத் தாண்டி பெல்மதுளை ரோட்டில் கால் வைத்ததும், நின்று குடையை விரித்தார். விரித்ததைக் கீழே சாய்த்து ஆட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, தலைப்பாகையிலிருந்து தண்ணீர் கோட்டில் ஒழுக ஒழுக, என் வீட்டு வேலி வரைக்கும் குனிந்தபடியே நடந்தார்.