தொண்டையை வைத்துப் பிழைத்தவன்

1. தேசப்பன் வராத நாள்

சித்தூர் முன்சீப் கோர்ட்டில் எனக்கு டவாலி வேலை. சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். பெஞ்ச் கிளார்க் கேஸைச் சொன்னதும், வாதி பெயரையும் பிரதிவாதி பெயரையும் வெளியே பார்த்து மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். மூன்றாவது தடவைக்கும் ஆள் வரவில்லை என்றால், ஆஜராகவில்லை என்று எழுதி எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிடுவார்கள். அதாவது, இவன் பேச்சைக் கேட்காமலே எதிராளிக்குத் தீர்ப்பு. நிலம் போகும், கிணறு போகும். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் இதை ஏதோ பியூன் வேலை என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

மைக் எல்லாம் அப்போது கிடையாது. நான் கூப்பிட்டால் காம்பவுண்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவான். தமிழ் ஆளைத் தமிழிலும் தெலுங்கு ஆளைத் தெலுங்கிலும் கூப்பிடுவேன். என் தொண்டையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கர்வப்பட்டுக்கொள்ள என்னிடம் வேறு எதுவும் இல்லை.

எல்லைத் தகராறு தீர்ந்து திருத்தணி தாலுக்கா மெட்ராஸ் பக்கம் போன வருஷம் அது. கேஸ் கட்டுகளை மூட்டை கட்டி லாரியில் ஏற்றினோம். தூசியில் எல்லாருக்கும் இருமல். எனக்கு மட்டும் இருமல் போன பிறகும் தொண்டைக் கம்மல் தங்கிவிட்டது. மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடித்தேன். மாசக்கணக்கில் குடித்தேன்.

ஒரு நாள் பாலசமுத்திரத்து தேசப்பன் என்பவரின் கிணற்றுப் பங்கு கேஸ். பிரதிவாதி அவர்தான். மூன்று முறை கூப்பிட்டேன். ஆள் வரவில்லை. உள்ளே எக்ஸ்பார்ட்டி என்று சொல்லி அடுத்த கேஸை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த மனுஷன் என் எதிரிலேயே வந்து நின்று கேட்டார்:

"அண்ணே, பாலசமுத்திரத்துக் கேஸ எப்பண்ணே கூப்புடுவாங்கோ? காலைலேர்ந்து இந்தத் தூணாண்டையே குந்திகினு இருக்கேன்."

தூண் எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது.

அவருடைய வக்கீல் உள்ளே ஓடி முறையிட்டார். முன்சீப் குண்டூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். உத்தரவை அங்கேயே திருப்பிக்கொண்டார். பிறகு என்னைச் சேம்பருக்குக் கூப்பிட்டு, "ஏமய்யா ஏகாம்பரம், கொந்து போயிந்தா?" என்றார். தொண்டை போய்விட்டதா என்று கேட்கிறார். போகவில்லை, சளிதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கே கேட்கவில்லை.

"திருப்பதி போய்ச் சூப்பிச்சுகோ" என்று லீவு கொடுத்தார். போய்க் காட்டிக்கொள் என்று அர்த்தம்.

2. கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள்

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிக்கொண்டு, என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, இன்னொரு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு குரல்வளைக்குக் கீழே விரலை வைத்து, எச்சிலை விழுங்கச் சொன்னார். மறுபடி விழுங்கச் சொன்னார். அங்கே புளியங்கொட்டை மாதிரி ஒன்று இருந்தது எனக்கும் தெரியும். ஷேவ் செய்யும்போது தட்டுப்படும். வலிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். கழுத்தின் பக்கத்தில் நெறி கட்டியிருந்ததை வெட்டி எடுத்து சோதனைக்கு மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். பதில் வந்ததும் கூப்பிட்டுவிட்டார்கள். என் பெண்சாதி கன்னியம்மாவும் கூட வந்தாள்.

டாக்டர் மெட்ராஸில் படித்தவர். தெலுங்கு வாடையோடு தமிழ் பேசுவார். சுற்றி வளைக்கவில்லை.

"இது தைராய்டு கேன்சர். கழுத்துல முன்னாடி ஒரு சுரப்பி இருக்கு, அதுல. ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும். எடுத்தா ரொம்ப நாள் இருப்பே."

கன்னியம்மா, "அப்போ எடுத்துடுங்கோ சார்" என்றாள்.

"இரும்மா. குரலுக்குப் போற நரம்பு கட்டிக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. அதனாலதான் கம்மல். நரம்ப வுட்டுட்டு கட்டிய மட்டும் எடுக்க முடியும்னு தோணல. வேலை என்ன?"

"கோர்ட்டுல டவாலி. பேரு கூப்புடறது" என்றேன்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டார். அதுவரை பயப்படாத நான் அப்போது பயந்தேன். கேன்சர் என்றால் சாவு என்று எல்லாரையும் போல எனக்கும் தெரியும். சாவுக்குக்கூட மனசைத் தேற்றிக்கொண்டுவிடலாம் போலிருந்தது. ஆள் இருந்து குரல் இல்லாமல் போவதை எப்படித் தேற்றிக்கொள்வது என்று தெரியவில்லை.

வேலை ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கஷ்டம் வீட்டில் இருந்தது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். என் நைனாவுக்குக் கண் தெரியாது.

3. எதற்காக நான் இந்தப் பக்கம் தங்கினேன்

நைனா நகரிப் பக்கம் கரும்பு வண்டி ஓட்டியவர். கண்ணில் நீர் இறங்கி, முதலில் ஒரு கண், பிறகு இன்னொன்றும் போய்விட்டது. அம்மா போன பிறகு என்னோடு சித்தூருக்கு வந்துவிட்டார். திருத்தணி பிரிந்தபோது, அந்தப் பக்கம் போக விரும்புகிறவர்கள் போகலாம் என்று எங்களுக்கு ஆப்ஷன் கொடுத்தார்கள். கன்னியம்மாவின் ஊர் திருத்தணி. போயிருக்கலாம். நைனா இந்த வீட்டைக் கையால் தடவித் தடவிப் பழகியிருந்தார். பின்கட்டுக்கும் குழாயடிக்கும் தனியாகப் போய் வருவார். புது வீட்டில் மறுபடியும் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டாம் என்று நான் ஆந்திராவிலேயே இருந்துவிட்டேன்.

நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே "நைனா" என்பேன். "வா" என்பார். அன்றைக்குக் கோர்ட்டில் நடந்ததை எல்லாம் சொல்ல வேண்டும். யார் யாரை ஏமாற்றினார்கள், எந்த வக்கீல் உளறினார், எல்லாம். கண் போன மனுஷனுக்கு உலகம் என் வாயில்தான் இருந்தது. அந்த வாயைத்தான் மூடப்போகிறார்கள்.

ஆபரேஷனே வேண்டாம் என்று ஒரு வாரம் பிடிவாதமாக இருந்தேன். இருக்கிற குரலோடு இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன். கன்னியம்மா சமைத்ததை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"உங்களுக்கு கொரலு வோணும். எனக்கு நீங்கோ வோணும். கொரலு இல்லாத ஆம்பளயோட நான் குடும்பம் பண்ணிக்கிறேன். நீங்கோ இல்லாத எப்டிப் பண்றது?"

சம்மதித்தேன். சந்தோஷமாக இல்லை. கசாப்புக் கடைக்குப் போகிற ஆடு மாதிரி தலையாட்டினேன், அவ்வளவுதான்.

4. ரெண்டு பாட்டில் ரத்தம்

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டும், சொந்தக்காரர்களைக் கூட்டி வா என்றார்கள். அந்தக் காலத்தில் ரத்தம் கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்று பயம். கோர்ட்டில் என்னோடு பீடி பங்கு போட்டவர்கள் எல்லாம் அந்த வாரம் என்னைப் பார்த்தால் வேறு வழியாகப் போனார்கள்.

திருத்தணியிலிருந்து மச்சான் வந்தான். என்னை எப்போதும் ஆந்திராக்காரர் என்று கிண்டல் செய்பவன். வழி முழுக்க நெஞ்சைத் தட்டிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் ஊசியின் சைஸைப் பார்த்தான்.

"மாமா, மெட்ராஸ் ஸ்டேட்டு ரத்தம் ஆந்திராவுக்கு ஒத்துக்குமா?" என்று சிரித்தான். பிறகு, "ஒரு காப்பி குடிச்சிகினு வந்துடறேன்" என்று போனான். அந்தக் காப்பியை அவன் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறான்.

கடைசியில் ஒரு பாட்டில் கன்னியம்மா கொடுத்தாள். ஒல்லியான உடம்பு, வேண்டாம் என்று நர்ஸ் தயங்கினாள். இவள் கையை நீட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். இன்னொரு பாட்டில், நான் கேட்காமலே, எங்கள் பெஞ்ச் கிளார்க் வந்து கொடுத்தார். பத்து வருஷமாக என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர். கொடுத்துவிட்டும் சொல்லவில்லை.

5. நைனா போட்ட தடை

அட்மிஷனுக்கு முன்னால் வீட்டில் சில நாட்கள் இருந்தன. நைனாவிடம் சொல்லியாக வேண்டும். களி தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"நைனா, என் கயுத்துல கட்டி கீது. அறுத்து எடுக்கப் போறாங்கோ. கொரலு போனாலும் போவும்ன்றாங்கோ."

கை தட்டிலேயே நின்றது. "உசுரு?" என்றார்.

"உசுருக்கு பயமில்லன்றாங்கோ."

"அப்பறம் இன்னா" என்று சாப்பிட ஆரம்பித்தார். கை கழுவிய பிறகுதான் கேட்டார்:

"நீ வந்து முன்னால நின்னா, எனக்கு எப்டிடா தெரியும்?"

பல நாளாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் "நைனா, காப்பி" என்று டம்ளரை நீட்டினேன். கையை ஆட்டினார்.

"பேசாத. நாளக்கி கொரலு இல்லாத வரப்போறவன், இன்னிக்கே அப்டி வா. நான் பயகிக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று முதல் நான் அவரிடம் பேசக்கூடாது. சத்தமில்லாமல் வர வேண்டும், அவர் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தடவை என்னைப் பால்காரன் என்றார். ஒரு தடவை "கன்னிம்மா, வெந்நீர் வை" என்றார். தப்பு என்று தெரிந்ததும் முகம் சுண்டிப்போகும். மறுபடி வரச் சொல்வார். மறுபடி போய் வாசலிலிருந்து நடந்து வருவேன். தோளில் இரண்டு தடவை அழுத்தினால் நான் என்று ஏற்பாடு செய்தோம். பிறகு அழுத்தாமலே, என் நடையை வைத்துச் சொல்லப் பார்த்தார்.

எனக்கோ பேச வேண்டும் போலிருந்தது. கம்மியதோ உடைந்ததோ, கொஞ்சம் குரல் இன்னும் மிச்சம் இருந்தது. இருக்கிறதை எல்லாம் அவரிடமே பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று இருந்தது. சின்ன வயசில் வண்டியில் கரும்புக்கட்டு மேலே என்னைக் கட்டி வைத்து ஓட்டுவாரே, அதைப் பற்றிப் பேச வேண்டும். அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும். வாயைத் திறந்தால் கையைத் தூக்கிவிடுவார்.

"ரெண்டு பேருக்கும் பைத்தியம் புட்ச்சிகீது" என்றாள் கன்னியம்மா. "கொரலு கீறப்ப ஊமையாட்டம் குந்திகினு கீறீங்கோ."

பொறுக்க முடியாமல் ஒரு நாள் நீவா ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் இல்லை, மணல்தான். அங்கே நின்று, எனக்கு ஞாபகம் இருந்த வாதி, பிரதிவாதி பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாக மூன்று முறை கூப்பிட்டேன். பாதிப் பெயர் காற்றாகத்தான் வந்தது. எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர் வந்து, "யார கூப்புட்ற? யாரும் இல்லியே" என்றார். "ஒண்ணும் இல்லீங்கோ" என்று சொல்லிவிட்டு, அந்த மணலில் உட்கார்ந்து அழுதேன். பெரிய மனுஷன், கவர்மெண்ட் ஆள், அப்படி அழுததில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு எருமைகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

திருப்பதிக்குக் கிளம்பிய காலையில் நைனா கதவோரம் நின்றார். நான் போய் நின்றேன். அழுத்தவில்லை, தொடவில்லை. "ஏகாம்பரம்" என்று சரியாகச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு ஜெயித்த களை. போய்ட்டு வரேன் நைனா என்ற வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. அவர் கையைத் தூக்கினார். விழுங்கிவிட்டு பஸ் ஏறினேன்.

6. பிறகு

ஆபரேஷன் நடந்தது. கட்டியோடு நரம்பும் போயிற்று. டாக்டர் சொன்னபடியே உயிர் இருந்தது, இன்னும் இருக்கிறது. குரல் என்று வந்தது சைக்கிள் டியூபிலிருந்து காற்று போகிற சத்தம்தான். காதருகில் வந்து பேசினால் விஷயம் புரியும், யார் பேசுகிறார்கள் என்று தெரியாது. பட்டையையும் வில்லையையும் வாங்கிக்கொண்டு என்னை ரிக்கார்டு ரூமுக்குப் போட்டார்கள். வாசலில் வேறு ஆள் கூப்பிடுவதைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டு சர்வீஸை முடித்தேன்.

வீட்டில் நைனா என்னை ஒரு தடவைகூட வேறு ஆள் என்று சொல்லவில்லை. வாசற்படியில் கால் வைத்ததும் "வா" என்பார். தன்னுடைய கெட்டிக்காரத்தனத்தை வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். கோர்ட்டுக் கதைகளை நான் ஊதுகிற காற்றில் பாதியும் கன்னியம்மா எடுத்துச் சொல்வதில் பாதியுமாகக் கேட்டுக்கொள்வார்.

பல வருஷம் கழித்து, படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம், நான் பக்கத்தில் இருப்பது தெரிந்து சொன்னார்:

"ஏகாம்பரம், அன்னிக்கி உன்ன பேச வுட்டிருக்கணும்டா. உன் நட எனக்குத் தெரியுது. கையி தெரியுது. உன் கொரலு எப்டி இருந்துச்சின்னு நெனச்சி நெனச்சிப் பாக்கறேன். வரமாட்டேங்குது."

அவர் தோளில் இரண்டு தடவை அழுத்தினேன். பேசியிருந்தாலும் அது அந்தக் குரல் இல்லை. அந்த மாசமே போய்விட்டார்.

டவாலி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். தொண்டை கம்மி மூன்று வாரத்தில் சரியாகவில்லை என்றால் மிளகை நம்பாதே, டாக்டரிடம் போ. ஆபரேஷன் என்று தேதி சொல்லிவிட்டார்கள் என்றால், அதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசு. அவர்கள் வேண்டாம் என்றாலும் பேசு. குரல் இல்லாமல் வாழ்வதற்கு அப்புறம் நிறைய நாள் கிடைக்கும், அதுவாகவே பழகிவிடும்.