அப்பா எழுதிய பெண்

என் அப்பா பேய்க்கதை எழுதுவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. அதற்குக் கிளம்பும்வரை காலையில் எழுத்து. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்குமே, மாத நாவல்கள், அவற்றுக்காக. அவர் எழுதும்போது வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது.

எனக்கு ஆறு வயது. அம்மா ஊரில் இல்லாததால் என்னைக் குளிப்பாட்ட அப்பாதான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வெந்நீர் வைத்தார். வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தவர் அதை மறந்துபோனார். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை கூப்பிட்டேன், தலை நிமிரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதே என்று மேடையிலிருந்த சட்டியை நானே எக்கி இழுத்தேன். இடது கன்னம், காது, கழுத்து, தோள் எல்லாம் வெந்தன. மதுரை ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தேன்.

பிள்ளை தானே இழுத்துக் கொட்டிக்கொண்டாள் என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பிளஸ் டூ படிக்கும்போது வகுப்பில் ஒருத்தி அவருடைய புது நாவலைக் கொண்டுவந்தாள். செண்பகத்தோப்புக் காட்டுக்குள் ஒரு பங்களா. சாபத்தால் பாதி முகம் வெந்தபடி பிறந்த மகளைத் தகப்பன் அதில் பூட்டி வைத்திருக்கிறான். அவள் தப்பி வந்து பேய்போல ஆட்களைக் கொல்கிறாள். கடைசியில் தகப்பனே அழுதுகொண்டு அவளுக்குத் தீ வைக்கிறான். காது மடல் உருகி ஒட்டியிருப்பது, சிரித்தால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, வெயிலில் தழும்பு மினுங்குவது எல்லாமே அதில் இருந்தன. என் முகத்தைப் பார்க்காமல் குனிந்தபடியே சாப்பிட்டு எழுந்துபோகிற மனிதர் இத்தனையையும் எப்போது பார்த்தார் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்தவள் மெதுவாகத் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் பதறவில்லை. வாசகர்கள் அந்தப் பெண்ணுக்காக அழுது கடிதம் போடுகிறார்கள் என்றார்.

"உன்னைய நெனச்சுத்தான் தாயி எழுதினேன். ஒவ்வொரு பக்கமும் அழுதுக்கிட்டே எழுதினேன். என் மனசுல கெடந்த பாரத்த வேற எங்கிட்டு எறக்க?"

"சாபம்னு எழுதியிருக்கீக. தண்ணிய அடுப்புல வச்சது யாருன்னு எழுதலையே."

அவர் பேனாவை மூடி வைத்தார். அம்மா வந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஆறு மாதத்தில் இரண்டாம் பாகம் வந்தது.

கல்லூரி முடித்ததும் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கினேன். முகத்தில் என்ன என்று முதல் நாள் கேட்டார்கள். வெந்நீர் என்றேன். அதோடு விட்டுவிட்டார்கள். வீடு அரை மணி நேர பஸ் தூரம்தான். மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போவேன். அப்பாவிடம் உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்பதோடு சரி.

அம்மா இறந்த மறு வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. பார்க்க வேறு ஆளில்லை. வீட்டுக்குத் திரும்பி, அங்கிருந்தே தினமும் வேலைக்குப் போய்வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூமாப்பட்டியிலிருந்து ஒருவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். ஓய்வு பெற்றபின் அப்பா அந்தக் கதையைப் போனில் படிக்கிற மாதிரி ஏற்றியிருந்தார், அதைப் படித்தவர். கதவைத் திறந்த என்னைப் பார்த்ததும் ஒரு படி கீழே இறங்கிவிட்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அந்தக் கதையில வாரது நீங்கதானாக்கா?"

உள்ளே கூட்டிப்போனேன். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு வெகுநேரம் பேசினார். மகள்மேல் எம்புட்டுப் பாசம் இருந்தால் இப்படி எழுத வரும் என்றார். கதை முழுக்க அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, கவனித்தீர்களா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, பேய்தானே என்றார்.

அப்போது சொன்னேன். ஸ்டவ், வெந்நீர், இரண்டு தடவை கூப்பிட்டது எல்லாவற்றையும். முதல் தடவையாக ஒரு வெளியாளிடம், அப்பா கட்டிலில் கேட்டுக்கொண்டிருக்க. அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வந்தவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் எழுந்து கிளம்பினார்.

தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது அப்பாவின் இடது கை என் கன்னத்துக்கு வந்தது. அந்தத் தழும்பை அவர் தொட்டதே இல்லை. தொடுவதற்குள் விலகிக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. மறுநாள் குடித்தார். அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். குளிப்பாட்டினேன், ஊட்டினேன். அந்தக் கை மறுபடி எழவில்லை. நானும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

அவருடைய போன் இப்போது என்னிடம் இருக்கிறது. மூன்றாம் பாகம் எப்போது என்று கேட்டு யாராவது எழுதுகிறார்கள். எழுதியவர் இறந்துவிட்டார் என்று பதில் போடுகிறேன்.